பாரிஸ் குளிரில் படம் பார்க்க எங்கே போவது?

டிசம்பர் கடைசியில் பாரிஸில் காலை எட்டரை தாண்டியும் விடியாது. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை நிமித்தமாக டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய மூன்று மாதம் அங்கே இருந்தேன். ஆறாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், கூரைக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. ஒரு காலத்தில் கீழ் மாடிப் பணக்கார வீடுகளின் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டப்பட்ட அறைகள் அவை. கட்டில், மேசை, மின்சார ஹீட்டர், சாய்வான கூரையில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஹீட்டரை இரவு முழுக்க ஓடவிட்டால் கரண்ட் பில் வந்து நிற்கும். நிறுத்தினால் விரல் விறைக்கும்.

பாரிஸ் குளிர் பனி கொட்டுகிற குளிர் அல்ல. ஜனவரியில் பகலில் ஏழெட்டு டிகிரி, இரவில் இரண்டு மூன்று டிகிரி என்று போகும். பனி விழுவது அபூர்வம். ஆனால் நாள் கணக்கில் வானம் சாம்பல் நிறத்தில் கிடக்கும், பொடித்தூறல் விடாது. நம் ஊர் ஆளுக்குக் குளிரைவிட அந்த வெளிச்சமின்மைதான் கடினம். ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால் தூங்கப் போகும் வரை ஐந்து மணி நேரம் இருக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும் ஏறக்குறைய 400 திரைகள் இருக்கின்றன. ஆகவே விடை தேட அதிக நேரம் ஆகவில்லை. எந்தத் திரை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மாதங்கள் ஆயின.

குளிர்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிற நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: மாத அட்டை வாங்கிக்கொள்வதா, தனித்தனி டிக்கெட்டா, பழைய படங்களைச் சேர்த்துவைத்துத் திரையிடும் சினிமாதெக்கா, தமிழ்ப்படம் ஓடும் தியேட்டரே போதுமா? ஒவ்வொன்றிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மொழி. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண். பிரான்சில் வெளிநாட்டுப் படங்கள் இரண்டு வடிவத்தில் ஓடும். விஎஃப் என்று போட்டிருந்தால் பிரெஞ்சில் டப்பிங் செய்தது. விஓ என்று போட்டிருந்தால் மூல மொழி, கீழே பிரெஞ்சு சப்டைட்டில். பாரிஸ் நகருக்குள் விஓ நிறையக் கிடைக்கும். புறநகருக்குப் போகப் போக விஎஃப் கூடும். முதல் வாரத்தில் நான் அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டேன். தெரிந்த நடிகர்களின் முகத்திலிருந்து தெரியாத குரல்கள் பிரெஞ்சில் வந்துகொண்டிருக்க, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே தூறல் என்பதால் எழுந்து வரவும் மனமில்லை.

விஓ என்றாலும் சப்டைட்டில் பிரெஞ்சில்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஜப்பானியப் படம் நல்ல படம் என்று போய் உட்கார்ந்தால், காதுக்கு ஜப்பான் மொழி, கண்ணுக்குப் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரியாதவருக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும். எனவே பிரெஞ்சு தெரியாமல் போகிறவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் நான்கு: ஆங்கிலம் பேசும் படங்கள், இந்தியப் படங்கள், பேசாப்படங்கள், அப்புறம் ஆங்கில சப்டைட்டிலோடு போடப்படும் பிரெஞ்சுப் படங்கள். கடைசி வகையை ஏற்பாடு செய்வதற்கென்றே லாஸ்ட் இன் ஃப்ரெஞ்ச்லேஷன் என்ற அமைப்பு பாரிஸில் இயங்குகிறது. சிறு தியேட்டர்களில் காட்சி நடத்துவார்கள், படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசிப் பழகவும் இடம் இருக்கும். ஊரில் யாரையும் தெரியாத முதல் இரண்டு வாரத்தில் எனக்கு அது மிகவும் உதவியது.

ஒரு நன்மையும் உண்டு. ஆங்கிலப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கீழே பிரெஞ்சு வரியைப் படித்துப் படித்து, ஆறு வாரத்தில் பேக்கரியில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிக்க எனக்கு வந்துவிட்டது. வகுப்புக்குப் போய் அவ்வளவு சீக்கிரம் கற்றிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

சரி, மாத அட்டைக்கு வருவோம். யூஜிசி என்ற தியேட்டர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வரம்பில்லா அட்டையை அறிமுகப்படுத்தியது. மாதம் இருபது யூரோவுக்குச் சற்று மேல் கட்டினால் எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாத்தே என்ற இன்னொரு தியேட்டர் குழுமத்துக்கும் இதேபோல் ஓர் அட்டை இருக்கிறது. பெரிய மல்டிப்ளெக்ஸில் மாலைக் காட்சி டிக்கெட் தனியாக வாங்கினால் 13, 14 யூரோ வரை போகிறது. மாதம் இரண்டு படம் பார்ப்பவருக்கே கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும், மூன்றாவது படத்திலிருந்து லாபம். பல சிறு கலைப்பட அரங்குகளும் இந்த அட்டையை ஏற்கின்றன. கணக்கு மட்டும் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை.

ஆனால் அட்டை ஒரு சந்தா. பணம் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். ஒரு மாதம் மட்டும் தங்குகிறவர் இதை எடுத்தால், ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கே கணக்கை முடிக்க அலைய வேண்டியிருக்கும். பதிவுக் கட்டணம் எவ்வளவு, குறைந்தது எத்தனை மாதம் கட்டியே ஆக வேண்டும், எப்படி ரத்து செய்வது என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

குளிருக்கு என்று பார்த்தால் மட்டும் இந்த வகையில் ஓர் இடத்தை அடித்துக்கொள்ள முடியாது. லே ஆல் பகுதியில் பூமிக்கு அடியில் இருக்கும் யூஜிசி தியேட்டர், 27 திரை கொண்டது. சாத்லே-லே ஆல் ரயில் நிலையத்தில் இறங்கி, வானத்தையே பார்க்காமல் சீட் வரை நடந்துவிடலாம். கோட்டில் ஒரு துளி மழை படாது. அதே நிலத்தடியில் இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவின் பெயரில் நகராட்சி நடத்தும் சினிமா நூலகமும் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து புத்தகம் புரட்டக் காசு கேட்க மாட்டார்கள். படத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டால் அங்கே கதகதப்பாக இருக்கலாம். கை காசு குறைந்த மாதக் கடைசிகளில் நான் படமே பார்க்காமல் அந்த நூலகத்தில் மட்டும் இருந்துவிட்டு வந்ததுண்டு.

பெரிய தியேட்டர்களில் அறிவித்த நேரத்துக்கும் படம் தொடங்கும் நேரத்துக்கும் நடுவே கால் மணி நேரமாவது விளம்பரமும் டிரெய்லரும் ஓடும். மெட்ரோ தாமதமானால் பதற்றம் வேண்டாம். சிறு தியேட்டர்களில் அப்படி நம்பிப் போகக் கூடாது.

சிறு தியேட்டர் என்றால் நான் முதலில் சொல்வது லத்தீன் குவார்ட்டரில் இருக்கும் ஷாம்போலியோன் தெருவை. சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு நிமிட நடைதான், அதற்குள் மூன்று தியேட்டர். 1822இல் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோனின் பெயர் அந்தத் தெருவுக்கு. தெரியாத மொழியின் சப்டைட்டிலை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்கு நன்றாக இருக்கும்.

தெருமுனையில் ல ஷாம்போ. 1938இல் திறந்தது. இடம் போதாத கட்டடம் என்பதால் கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரைக்குப் போகும்படி ஒளியை அமைத்திருந்தார்கள். அதனாலேயே பெயர் பெற்ற தியேட்டர். அதைத் தாண்டி ஃபில்மோதெக்கும் ரஃப்லே மெதிசியும். ஃபில்மோதெக்கில் இரண்டு அறை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்புக்கு மர்லின் மன்றோ பெயர், நீலத்துக்கு ஆட்ரி ஹெப்பர்ன் பெயர். புதுப்படம் இங்கே குறைவு, பழைய படங்கள்தான் உயிர். ஒரே இயக்குநரின் படங்களை வாரக்கணக்கில் வரிசையாகப் போடுவார்கள். பழைய ஹாலிவுட் படங்கள் இங்கே நிறைய ஓடுவதால், ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு வேண்டியதே இல்லை.

டிக்கெட் ஒன்பது, பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். மாணவர் அட்டை இருந்தால் இன்னும் குறையும். சில தியேட்டர்களில் ஐந்து, பத்து டிக்கெட்டை மொத்தமாக வாங்கினால் சலுகை உண்டு. சந்தா இல்லை, வங்கிக் கணக்கு வேண்டாம், ரத்து செய்கிற தொல்லை இல்லை.

குளிர்கால அசௌகரியத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தியேட்டர்களில் காத்திருக்கும் கூடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வரிசை நடைபாதையில்தான். ஜனவரி இரவில் இருபது நிமிடம் அசையாமல் நின்றால் குளிர் காலணியின் அடிவழியாக ஏறும். கோட்டு நன்றாக இருந்து என்ன, காலுறை மெல்லியதாக இருந்தால் அன்றைய படத்தின் முதல் அரைமணி நேரம் கால்விரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கியது அந்த மூன்று மாதத்தில் நான் செய்த நல்ல செலவு. உள்ளே போனபின் கோட்டை மாட்டி வைக்க இடமும் இருக்காது. மடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்த குடையைக் காலடியில் போட்டுக்கொள்ள வேண்டும். சீட் குறுகல்.

அங்கே இடைவேளை கிடையாது என்பதும் நம்மவருக்குப் புதிது. படம் இரண்டரை மணி நேரமென்றால் இரண்டரை மணி நேரமும் ஒரே இருப்புதான். இந்தச் சிறு அரங்குகளில் தின்பண்டத்தின் சத்தம் அநேகமாகக் கேட்காது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் பாதிப்பேர் எழுந்திருக்க மாட்டார்கள். நம் ஊர் தியேட்டரில் கைத்தட்டலோடு வளர்ந்த எனக்கு அந்த அமைதி முதலில் ஏதோ தேர்வு அறையில் இருப்பதுபோல் இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. எழுபது வயதுக்காரர்கள் தனியாக வந்து, வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, கழுத்துத்துணியைக் கழற்றி மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது வாரத்தில் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தனியாக இருக்கிற ஊரில் அது சிறிய விஷயம் இல்லை.

ஷாம்போவில் சில சனிக்கிழமைகளில் இரவு முழுக்க மூன்று படம் போட்டு, விடிகாலையில் காலையுணவும் கொடுப்பார்கள். கடைசி மெட்ரோ போய்விடுமே என்ற கவலை இல்லாத ஒரே ஏற்பாடு அது. வார நாட்களில் மெட்ரோ இரவு ஒன்றேகால் வரை, வெள்ளி, சனியில் இரண்டேகால் வரை ஓடும். கிளைமாக்ஸில் கடிகாரம் பார்ப்பது பெரிய கொடுமை. பத்து மணிக்கு மேல் தொடங்கும் படத்துக்குப் போவதாக இருந்தால், வீட்டுக்கு நேர் மெட்ரோ உள்ள தியேட்டராகப் பார்த்துப் போவது நல்லது.

சினிமாதெக் இதிலிருந்து வேறு மாதிரி. 1936இல் ஆன்றி லாங்லுவாவும் நண்பர்களும் தொடங்கியது. பேசும்படம் வந்ததும் வேண்டாதவை என்று அழியவிருந்த பேசாப்படச் சுருள்களைச் சேர்த்துவைத்தவர் லாங்லுவா. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதும் அவற்றை ஒளித்துக் காப்பாற்றினார். 1968 பிப்ரவரியில் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியதும், இயக்குநர்களும் ரசிகர்களும் அந்தக் குளிரில் திரொகாதெரோ பக்கம் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் தடியடி நடத்தியது. இயக்குநர்கள் த்ருஃபோவும் கோதாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஏப்ரலில் அரசு அவரைத் திரும்ப அமர்த்த வேண்டியதாயிற்று. ஒரு படக் காப்பகத்துக்காக மக்கள் அடிவாங்கிய ஊர் அது. அதைப் படித்த பிறகு அங்கே டிக்கெட் வாங்கிய நாளில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இப்போது சினிமாதெக் பெர்சி பகுதியில், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்த கட்டடத்தில் 2005 முதல் இயங்குகிறது. 6ஆம் எண் மெட்ரோவில் போனால் ரயில் பாலத்தின் மேலேறி செய்ன் நதியைக் கடக்கும். இரவில் தண்ணீரில் விளக்குகள் தெரியும். 14ஆம் எண் வேகம் அதிகம், ஆனால் முழுக்கச் சுரங்கம். போகும்போது 6, அவசரமாகத் திரும்பும்போது 14 என்பது என் வழக்கம். டிக்கெட் மல்டிப்ளெக்ஸ் விலையில் ஏறக்குறையப் பாதிதான். அங்கேயும் மாத அட்டை உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை மறந்து ஒருமுறை பூட்டிய கதவின் முன்னால் தூறலில் நின்றிருக்கிறேன்.

சினிமாதெக்கில் படத்தேர்வு ஒப்பற்றது. வேறெங்கும் பார்க்கக் கிடைக்காத பிரதிகள் அங்கே வரும். ஆனாலும் முதல் மாதமே அதை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். உலகப் படங்களுக்குப் பிரெஞ்சு சப்டைட்டில்தான் என்ற சிக்கல் இங்கேதான் அதிகம் கடிக்கிறது. அடுத்தது, பக்கத்தில் பூங்கா இருப்பதால் இரவில் வெட்டவெளிக் காற்று வீசும். ஷாம்போலியோன் தெருவில் படம் விட்டு வெளியே வந்தால் நாலு எட்டில் திறந்திருக்கும் ஒரு கஃபே இருக்கும். பெர்சியில் ஒன்பது மணிக்கு மேல் அப்படியொரு ஆள்நடமாட்டத்தை நான் காணவில்லை. பார்த்த படத்தைப் பற்றிப் பேச ஆளில்லாவிட்டாலும், நாலு பேர் பேசும் சத்தத்துக்கு நடுவே சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று குளிர்காலத்தில் தோன்றும்.

மொழியே தெரியாதவருக்கு நான் முழு மனதோடு சொல்லும் இடம் வேறு. கோபெலான் அவென்யூ 73ஆம் எண்ணில் ஜெரோம் செதூ-பாத்தே அறக்கட்டளையின் கட்டடம். பழைய முகப்பை அப்படியே வைத்து, பின்னால் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ எழுப்பிய கண்ணாடிக் கூடு 2014இல் திறக்கப்பட்டது. உள்ளே 68 இருக்கை கொண்ட சிறிய அரங்கு. அங்கே பேசாப்படங்களைத் திரையிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பியானோவை நேரடியாக வாசிப்பார். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் சிறியவை, அதிக நேரம் நிற்பவை. அகராதியைப் பார்த்துப் புரிந்துகொள்கிற அளவு பிரெஞ்சு போதும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். படத்தில் ஒரு குழந்தை விழும்போது பியானோ ஒரு கணம் நின்றது, அரங்கமே மூச்சை இழுத்தது. நூறாண்டு பழைய படம், பக்கத்தில் யார் என்ன மொழி என்று தெரியாது, எல்லோருக்கும் அந்தக் குழந்தை புரிந்தது. அங்கே பல காட்சிகள் பகலிலேயே நடக்கும் என்பதும் குளிர்காலத்தில் வசதி.

தமிழ்ப்படத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது மற்றவற்றோடு ஒப்பிடக்கூடியதாக எனக்குப் படவில்லை. அது வேறு பசிக்கு.

பாரிஸின் வடபகுதியில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் லா சப்பல். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கடை வைத்துக் கடை வைத்துத் தங்களுடையதாக்கிய தெருக்கள். ஃபோபூர் சேன்-தெனி தெருவும் ரூ காய் சந்தும் சேரும் இடத்தில் நின்றால் தமிழ்ப் பெயர்ப்பலகை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மா, நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் கண்ணில் படும். ஞாயிறு மதியம் கொத்துரொட்டி தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும். நான் வாரம் ஒருமுறை அரிசியும் பருப்பும் வாங்க அங்கே போவேன். ஒரு கடையில் அக்கா ஒருவர், நான் மெல்லிய கையுறையோடு நிற்பதைப் பார்த்து, “தம்பி, படத்துக்கோ போறியள்? உது காணாது, நல்ல கையுறை ஒண்டு வாங்குங்கோ” என்றார். அவர்கள் வந்த காலத்தில் தமிழ்ப்படம் தியேட்டருக்கு வராதாம். “கசெட் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டிலை பதினைஞ்சு பேர் இருந்து பாத்தனாங்கள்” என்று சொல்லிவிட்டு ஒரு வடையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

இப்போது ரஜினி, விஜய் படங்களுக்கு கிராண்ட் ரெக்ஸிலேயே காட்சி நடந்திருக்கிறது. 1932 டிசம்பரில் திறந்த தியேட்டர் அது. பெரிய அரங்கில் ஏறக்குறைய 2,700 இருக்கை, மேற்கூரை இரவு வானம்போல் நட்சத்திரம் மின்னும். பொங்கலுக்கு வெளியாகும் படங்கள் பாரிஸின் கடுங்குளிரில்தான் வந்து சேர்கின்றன என்பது நல்ல பொருத்தம். வெளியே மூன்று டிகிரி, உள்ளே விசில். மற்றத் தமிழ்ப்படங்கள் பெரும்பாலும் புறநகர் மல்டிப்ளெக்ஸ்களில் வார இறுதியில் ஓடும். நட்சத்திரப் படத்துக்கு டிக்கெட் விலை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். புறநகர் என்றால் போக வர ரயில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு இரவு புறநகர் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும் குளிர், ஷாம்போலியோன் தெரு வரிசையைவிட மோசம்.

ஆக, செலவு, நேரம், குளிர் மூன்றிலும் தமிழ்ப்படம் பின்தங்குகிறது. ஆனாலும் மூன்று மாதத்தில் ஒரு முறையாவது போங்கள் என்றே சொல்வேன். ஐந்து வாரம் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு வசனம் காதில் விழுந்த கணமே உள்ளே போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். பக்கத்து சீட்டில் பாரிஸிலேயே பிறந்த பையன் சிரிப்பு வசனத்தை அம்மாவுக்கு முந்தி பிரெஞ்சு சப்டைட்டிலில் படித்துச் சிரித்தான். அம்மா அரை நொடி கழித்துக் காதால் கேட்டுச் சிரித்தார்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் அங்கே கிடைக்கும். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை என்ற உயரிய விருதை வாங்கிய ‘தீபன்’ ஒரு பிரெஞ்சுப் படம். அதில் நாயகனாக நடித்தவர் பாரிஸில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி. படத்தின் பேச்சில் பெரும்பகுதி தமிழ். ஷாம்போலியோன் தெரு முதியவர்கள் சப்டைட்டிலைப் படித்தாக வேண்டிய, நாம் படிக்கத் தேவையில்லாத பிரெஞ்சுப் படம் அது. அந்த ஊரில் எங்காவது திரும்பப் போட்டால் தவறவிடாதீர்கள்.

லா சப்பலில் சாப்பிட்டுவிட்டு, தலைக்கு மேலே 2ஆம் எண் மெட்ரோ ஓடும் பாலத்தின் அடியிலேயே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பார்பெஸ் சந்திப்பு. அங்கே எகிப்தியக் கோவில் பாணியில் 1921இல் கட்டிய லூக்ஸோர் தியேட்டர். எண்பதுகளில் மூடப்பட்டுக் கிடந்ததை நகராட்சி வாங்கிப் புதுப்பித்து 2013இல் மறுபடி திறந்தது. தூண்களில் தாமரையும் சுவரில் நீலமும் தங்கமுமாக அவ்வளவு அழகு. மூன்று திரை, நல்ல தேர்வு, நியாயமான விலை. இட்லியும் லூக்ஸோரும் ஒரே நடையில் கிடைப்பதால், என் ஞாயிற்றுக்கிழமைகள் மெல்ல மெல்ல இந்தப் பக்கமே வந்து நின்றுவிட்டன. பாலம் இருப்பதால் மழையிலும் பெரும்பாலும் நனையாமல் நடக்கலாம்.

அறையிலேயே இருந்து மடிக்கணினியில் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதல் பத்து நாள் அப்படித்தான் இருந்தேன். நான்கு மணி நேரம் ஹீட்டரும் ஓட வேண்டும், பேசிய ஒரே ஆள் பேக்கரியில் “போன்ழூர்” சொன்னவராக இருப்பார், ஆறு மாடி இறங்கவே மாட்டோம். அந்த இருட்டில் அது உடம்புக்கும் மனதுக்கும் ஆகாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பிரான்சில் புதுப்படம் புதன்கிழமை வெளியாகும், தியேட்டர்களின் வார அட்டவணையும் அன்றுதான் மாறும். செவ்வாய் இரவு பார்த்து வைத்த காட்சி புதனன்று இருக்காது. பல தியேட்டர்களில் காலைக் காட்சிக்கு விலை குறைவு. ஆனால் குளிர்காலத்தில் பகல் வெளிச்சமே எட்டு மணி நேரம்தான், அதைத் தியேட்டருக்குள் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் பகலில் நடங்கள், மாலை ஆறு மணிக் காட்சிக்குப் போங்கள், எட்டரைக்கு வெளியே வந்து சாப்பிடுங்கள். எனக்கு ஒத்துவந்த நேரம் அது. மெட்ரோ ஒற்றை டிக்கெட் 2025இல் 2.50 யூரோவாக இருந்தது, போக வர ஐந்து யூரோ. ஆகவே படச்செலவோடு இதையும் கூட்டிப் பாருங்கள். நவிகோ என்ற பயண வார அட்டை எடுப்பதென்றால், எந்த நாள் எடுத்தாலும் அது திங்கள் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். வியாழனன்று வாங்கினால் நஷ்டம்.

என் முடிவைச் சொல்கிறேன். ஒரு வாரம் மட்டும் போகிறவர் ஷாம்போலியோன் தெருவில் இரண்டு மாலை, பேசாப்பட அரங்கில் ஒரு மதியம் என்று வைத்துக்கொண்டால் நிறைவாக இருக்கும். ஒரு மாதமோ மூன்று மாதமோ என்றால் தனி டிக்கெட்டோடு சிறு தியேட்டர்கள், வாரம் ஒன்று லூக்ஸோர், கண் பழகிய பிறகு சினிமாதெக். பொங்கல் சமயம் அங்கே இருந்தால் ஒரு தமிழ்ப்படம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கி, வங்கிக் கணக்கும் திறந்தவர் மட்டும் மாத அட்டையை எடுக்கலாம். அதையும் மல்டிப்ளெக்ஸுக்காக அல்ல, அட்டையை ஏற்கும் சிறு அரங்குகளுக்காக எடுங்கள்.

டிசம்பர் 28 அன்று பாரிஸில் இருப்பீர்களானால் ஒரு வேலை செய்யுங்கள். 1895இல் அதே நாளில்தான் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். காப்புசீன் புல்வாரில் கிராண்ட் கஃபேயின் நிலத்தடி அறை, டிக்கெட் ஒரு ஃபிராங்க், காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். அந்த அறையின் பெயர் இந்திய அறை. இன்றைக்கு அங்கே ஒரு ஹோட்டல் இருக்கிறது, சுவரில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். நான் அன்று மாலை ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றேன். தெருவில் போகிற யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கிருந்து கிழக்கே இத்தாலியன், மோன்மார்த், புவாசோனியேர் என்று புல்வார்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து போகும், திரும்பவே வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் கிராண்ட் ரெக்ஸ் வந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே படத்துக்கு முன்னால் வண்ண நீரூற்றுக் காட்சி நடக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் வரிசையில் நின்றார்கள். கடைக்கார அக்கா சொன்ன கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு நானும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.